ஹெர்னியா அறுவை சிகிச்சை: வலையின் ஒட்டுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்

63 வயதான என் தந்தைக்கு வலது தொடையிடுக்கில் ஏற்பட்ட குடலிறக்கத்துக்காக (ஹெர்னியா), கடந்த மாசி மாதம் எங்கள் ஊரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோம். படுத்தால் உள்ளே போய்விடும், வலியில்லாத வீக்கம் அது. அத்தகைய வீக்கத்துக்கு நிதானமாக விசாரித்து முடிவெடுக்க அவகாசம் உண்டு என்பதும், உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால்தான் உடனே ஓட வேண்டும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மருத்துவமனையின் மருத்துவரோ, "இரண்டு நாள் தள்ளினாலும் குடல் அழுகிவிடும்" என்றார். பயந்துபோய் மறுநாளே சேர்த்துவிட்டோம்.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் எல்லாம் அடக்கமாக 85,000 ரூபாய் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்; வீடு திரும்பும் நாளில் வந்த பில் 1,38,000 ரூபாய். அதில் 42,000 ரூபாய், உள்ளே வைத்த 'முப்பரிமாண வலை'க்கு. வலை பேக்கேஜில் சேராதாம். பெரியவர்களுக்குச் செய்யும் இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் வலை வைத்துத்தான் வயிற்றுச்சுவரைப் பலப்படுத்துகிறார்கள் என்னும்போது, அதை விட்டுவிட்டு எதை 'அடக்கம்' என்றார்கள்?

நான்காம் நாள் விதைப்பை வீங்கியது. தொலைபேசியில் அழைத்தபோது, அறுவை செய்த மருத்துவர் வியாழக்கிழமைதான் வருவார் என்று வைத்துவிட்டார்கள். தந்தை இரவு முழுவதும் உட்காரவும் முடியாமல் தவித்தார். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், நீர் கோத்திருக்கிறது, தானே வற்றிவிடும், ஊசியால் உறிஞ்ச வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். ஐந்து வாரங்களில் வற்றியும்விட்டது. அவருக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். என்ன வலை வைத்தார்கள் என்று அவர் கேட்டபோதுதான், டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த விவரமே இல்லை என்பதைக் கவனித்தோம்.

நோயாளியோ அவரது பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிமுறைகள். அதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்ட பிறகே கேஸ் ஷீட்டின் நகல் கிடைத்தது. வலையின் வகையைக் காட்டும் ஒட்டுச்சீட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தது. அது சாதாரண தட்டை வலையுடையது; பில்லில் இருந்த முப்பரிமாண வலையுடையது அன்று.

பில்லையும் அந்த நகலையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். இதற்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள் வலையின் வகையையும் விலையையும் முன்பே எழுதி வாங்குங்கள். பணம் கட்டுமுன் ஒட்டுச்சீட்டைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.