‘கோந்த் போர்க்கோடாரி’: தலை பழசு, காம்பு புதுசு

“19ஆம் நூற்றாண்டு, ஒடிசா பழங்குடிப் போர்க்கோடாரி, முழுவதும் அசல்” என்ற விளம்பரத்தோடு ஆன்லைன் பழம்பொருள் கடையொன்றில் விற்பனைக்கு வந்த உருப்படி இது. நீளம் 78 செ.மீ., எடை 640 கிராம். அலகு விரிந்து இரண்டு முனைகளாகப் பிரிகிறது. காம்பு முழுக்கப் பித்தளைக் கம்பிச் சுற்று. கந்தமால், கஞ்சம் மலைகளில் வாழும் கோந்த் மக்களின் கோடாரிக்கு இந்த அமைப்பு பொருந்தும். கடைக்காரர் ‘கோண்டு’ என்று எழுதியிருக்கிறார். கோண்டுகள் மத்திய இந்தியாவில் பரவி வாழும் வேறு மக்கள்.

விறகுக் கோடாரிக்கு வாயின் (வெட்டும் விளிம்பின்) பின்புறம் ஆப்புபோலத் தடித்திருக்கும். இந்த அலகோ நடுவில் 4 மி.மீ. கனம்கூட இல்லை, கட்டையில் போட்டால் சிக்கிக்கொள்ளும். அதனால் வேலைக் கருவி அல்ல. அதற்காகச் சண்டை பார்த்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஆட்டத்திலும் விழாவிலும் அந்தஸ்துக்காகத் தோளில் சுமந்தவையும் இதே வடிவம்தான். ‘போர்’ என்ற சொல்லுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லோரும் அலகையும் வேலைப்பாட்டையும் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது காம்பு நுழையும் துளை. புதுப் போலிகளில் வெளிப்பக்கத்து வெல்டிங் தடத்தைக் கிரைண்டரால் வழித்துவிடுவார்கள். துளைக்குள் கிரைண்டர் போகாது, தடம் அங்கே தங்கிவிடும். இதில் டார்ச் அடித்துப் பார்த்தால், இரும்புப் பட்டையை மடித்து உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய கோடும், பக்கத்தில் சுத்தியல் பள்ளங்களும் தெரிகின்றன. 10 மடங்கு லென்ஸில் அலகின் மேல் மர ரேகைபோல நீளக் கோடுகள். பழைய உலை இரும்பில் கசடு இழுபட்டதன் அடையாளம். கனம் துளையிலிருந்து வாய் நோக்கிச் சீராகக் குறைகிறது. தகட்டை வெட்டிச் செய்திருந்தால் வாயைத் தவிர எங்கும் ஒரே கனம் இருக்கும்.

துருவையும் சோதிக்க வேண்டும். அமிலமோ உப்புநீரோ வைத்து வரவழைத்த துரு செம்மஞ்சளாக, பொடியாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மெஷின் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியில் உடனே ஒட்டும். இங்கே கரும்பழுப்பு, இறுகிய துரு. துணியில் லேசான கறைதான். அலகில் குத்திய வட்டப் புள்ளிகள் வாய்ப்பக்கம் தேய்ந்திருக்கின்றன. தலை தேறிவிட்டது.

கோடாரிக் காம்பு குலத்தைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே விலையைக் கெடுக்கிறது. கம்பி முழுக்க ஒரே கனம், ஆலையில் இழுத்த கம்பி. களிம்பு மேலாகத்தான் இருக்கிறது. கம்பியைச் சற்று விலக்கினால் அடியில் பளபளப்பு. பழைய மரம் குறுக்கே சுருங்கும், தலை ஆடும், ஆப்பு அடித்திருப்பார்கள். இது அசையவில்லை. யூ.வி. (புற ஊதா) டார்ச்சில் துளை விளிம்பு வெளிர்நீலமாக ஒளிர்கிறது: எபாக்ஸி என்ற இக்காலச் செயற்கைப் பசை. காம்பு மாற்றுவது மோசடி இல்லை. கரையான் அரித்தால் வேறென்ன செய்வது? ‘முழுவதும் அசல்’ என்பதுதான் பொய். தலைக்கு மட்டும் விலை பேசினால் வாங்கலாம்; கேட்ட விலைக்கு வேண்டாம்.

படத்தை நம்பி வாங்குகிறவர்கள் நான்கு படங்களாவது கேளுங்கள்: துளையின் மேல்வாய், கீழ்வாய், அலகின் முதுகு, காம்பின் அடிமுனை. நேர்வெயில் படாத நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; களிம்போடு சான்றும் போய்விடும். பொடித்துரு இருந்தால் மட்டும் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் (இரும்பிழைப் பஞ்சு) எடுத்துவிட்டு, மெழுகு பூசுங்கள். கடலோர ஊர்களில் சுவரில் மாட்டுவதைவிட ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைப்பது நல்லது.

இன்னொன்று: ‘வெளிநாட்டுக்கும் அனுப்புவோம்’ என்கிறது விளம்பரம். 100 ஆண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் இடமில்லை. வயது உண்மையானால் அனுப்ப முடியாது. அனுப்ப முடியுமானால் வயது பொய். உள்நாட்டிலும் கடைக்காரரிடம் தொல்பொருள் வணிக உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, ‘தலை பழையது, காம்பு மாற்றப்பட்டது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.