திருவிழா வாசலில் மோப்ப நாயா, சோதனைக் கருவியா?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, சனம் திரளும் இடத்தை நடத்தும் எவரும் வாசல் சோதனையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஆலய நிர்வாகம் ஆடித் திருவிழாவுக்குப் பொலிஸாரிடம் மோப்ப நாய்களையே கேட்டது. அதில் எனக்கும் பங்குண்டு. உலோகம் காட்டும் சட்டகம் உலோகமில்லாத வெடிமருந்தைக் காட்டாது என்பதால், அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

கையையும் பையையும் துணித்துண்டால் துடைத்துச் சோதிக்கும் கருவி, படிந்த துகளைச் சூடாக்கி, மின்னேற்றம் கொடுத்து (அயனியாக்கி), இன்ன வெடிமருந்து என்று சில விநாடிகளில் பெயரையே சொல்லிவிடும். நாயால் அது முடியாது. ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிமருந்துகள் சாதாரண வெப்பத்தில் மிகச் சொற்பமாகவே ஆவியாவதால், துகளைத் தேடுவதும் நியாயமே. ஆனால் ஒவ்வொருவரையும் நிறுத்தித் துடைத்தால் தீர்த்தத்தன்று வரிசை வீதிவரை நீளும். அந்த வரிசையே தாக்குதலுக்கு இலக்காகலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புத்தான். ஆள்மீது காற்றை ஊதி, கிளம்பும் ஆவியையும் துகளையும் உறிஞ்சிப் பார்க்கும் வாயில்களை அமெரிக்கா 200க்கு மேல் வாங்கி, அவற்றில் 101ஐ விமான நிலையங்களில் நிறுவியது. தூசியும் ஈரமும் அவற்றை ஓயாமல் பழுதாக்கியதால் 2006இல் நிறுவுவதை நிறுத்தி, பின்னர் அகற்றியும்விட்டது. குளிரூட்டிய மண்டபத்திலேயே அந்தக் கதி என்றால், ஒருபுறம் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்க, மறுபுறம் வாவியின் ஈரமும் கடலின் உப்பும் சேரும் எங்கள் பந்தல் வாசலில், துடைப்புக் கருவியையும் அடிக்கடி சுத்தம் செய்து அளவு திருத்த வேண்டியிருக்கும். அதற்கான ஆளை அவசரத்துக்கு இங்கே எங்கே தேடுவது?

நாய்க்கும் பராமரிப்பு உண்டு; ஆனால் அது கையாளும் பொலிஸாரின் கண்முன்னே நடக்கிறது. நாக்கு நீண்டு தொங்கி இளைக்கத் தொடங்கும் நாய் சரியாக மோப்பம் பிடிக்காது என்பதால், அவர் உடனே அதை நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வைப்பார். மற்ற நாய் வாசலுக்கு வரும். நாங்கள் கொடுக்க வேண்டியவை நிழலும் தண்ணீரும் மட்டுமே. நாய் தீண்டுவதை விரும்பாத அடியார்களும், அதன் எச்சில் படக்கூடாதென்று கருதும் முஸ்லிம் அயலவர்களும் இருப்பதால், வெளிவாசலில் வார் பிடித்து, ஆளைத் தொடாமல், காற்று ஆட்களிடமிருந்து நாயை நோக்கி வீசும் பக்கத்தில் நிறுத்தச் சொன்னோம். வாணம் கொளுத்திய கை நாயையும் கருவியையும் ஒருசேரக் குழப்பலாம் என்பதால், வாணக்காரரை வேறு வழியால் உள்ளே விட்டோம்.

எங்கள் அனுபவம் ஆடி வெயிலோடு நிற்கிறது. மாரி மழைக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆட்கள் ஒவ்வொருவராக வரும் குளிரூட்டிய அலுவலக வாசலென்றால், நானும் கருவியையே கேட்பேன்.