கணினி வரைகலைக்கும் அனிமேஷனுக்கும் எந்தப் புத்தகத்தை முதலில் எடுக்கலாம்?

கிராஃபிக்ஸ் படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: திரையில் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா, அந்தப் படத்தை உயிரோடு நடமாட வைக்க வேண்டுமா? முதலாவதற்குக் கணக்கும் நிரலும் வேண்டும். இரண்டாவதற்குக் கண்ணும் கையும் பழக வேண்டும். இரண்டையும் ஒரே புத்தகத்தில் தேடுபவர்கள்தான் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

நிரல் பக்கத்தை முதலில் பார்ப்போம். நம் பொறியியல் கல்லூரிகளில் பலருக்கும் பழக்கமான பெயர் ஹெர்ன், பேக்கர் இருவரின் பாடநூல். பிரெசன்ஹாம் முறையில் கோடு வரைவது, மிட்பாயிண்ட் முறையில் வட்டம், கோஹன்-சதர்லண்ட் கிளிப்பிங் (சட்டகத்துக்கு வெளியே நீளும் கோட்டை வெட்டுவது) என்று ஒவ்வொன்றையும் படிப்படியாகக் காகிதத்தில் போட்டுப் பார்க்க அது வசதியானது. தேர்வு நெருங்கிவிட்டதென்றால் வேறு எதையும் தேட வேண்டாம், அதையே படியுங்கள். ஆனால் தானாக உட்கார்ந்து கற்பவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சி நிரல்மொழியில் வந்த அதன் பழைய பதிப்பு, ஃபிக்ஸ் (PHIGS) என்ற அந்தக் காலத்து வரைகலைத் தரத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதில் உள்ள நிரலை இன்றைய லேப்டாப்பில் அப்படியே தட்டினால் ஓடாது. எல்லாச் சூத்திரமும் தெரிந்தும் திரையில் ஒரு புள்ளிகூட வைத்துப் பார்க்காமல் பாடத்தை முடித்துவிட முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தக் குறையை நேராகத் தீர்ப்பது கேப்ரியல் கம்பெட்டாவின் 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்'. 2021-இல் அச்சில் வந்தது, ஆசிரியரின் தளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். அவர் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: திரையில் ஓர் இடத்தில் ஒரு நிறப் புள்ளியை வைக்கத் தெரிய வேண்டும். அதிலிருந்து கோளம், ஒளி, நிழல், பிரதிபலிப்பு என்று முழுக் காட்சி வரை கூட்டிப் போகிறார். முதல் பாதி ரேட்ரேசிங், அதாவது ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து போய்ப் படத்தை உருவாக்குவது; அடுத்த பாதி ராஸ்டரைசேஷன், அதாவது முக்கோணங்களைத் திரைப் புள்ளிகளாக மாற்றி வரைவது. எந்த மொழியையும் சாராத பொதுவான நடையில் நிரல்கள் இருப்பதால் பைதானிலும் எழுதலாம், ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதலாம். பள்ளிக்கூடக் கணக்கு நினைவிருந்தால் போதும். வெக்டார் மறந்திருந்தால் அதற்கும் பின்னிணைப்பு இருக்கிறது.

இதற்குச் சரியான போட்டி பீட்டர் ஷர்லியின் 'ரே ட்ரேசிங் இன் ஒன் வீக்கெண்ட்'. 2016-இல் வந்தது, இதுவும் இணையத்தில் இலவசம். சி++ தெரிந்திருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் லைப்ரரி (தயாராக எழுதி வைத்த வரைகலை நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். பிபிஎம் என்ற எளிய உரைக் கோப்பில் நிற எண்களை எழுதினால் அதுவே படம். முதலில் ஒரு நிறச் சாய்வு, அப்புறம் ஒரு கோளம், கடைசியில் கண்ணாடியும் உலோகமும் மங்கல் பரப்புமாகப் பல பந்துகள் நிறைந்த ஒரு காட்சி. அந்தக் கடைசிப் படம் வரிவரியாக உருவாகி வருவதைப் பார்க்கும்போது வருகிற உற்சாகத்தை வேறெந்தப் பாடநூலும் எனக்குத் தரவில்லை. ஆனால் விளக்கம் குறைவு, ஓட்டம் அதிகம். வீடியோ கேம்களுக்கு அடிப்படையான ராஸ்டரைசேஷனும் இதில் கிடையாது. அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் தேர்வு கம்பெட்டாதான். சி++ கை பழகியவர் மட்டும் நேராக ஷர்லியிடம் போகலாம்.

ஃபோலி, வான் டாம் குழுவினரின் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நூலும், 'பிசிக்கலி பேஸ்டு ரெண்டரிங்' நூலும் மகத்தானவை. ஆனால் அவற்றைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். பின்னதன் புதிய பதிப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, சொந்தமாக ஒரு ரேட்ரேசர் எழுதிய பிறகு திறந்தால் போதும்.

இனி அனிமேஷன். இங்கே இரண்டு பெரிய புத்தகங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 1981-இல் வந்த 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' டிஸ்னியில் 1930-களிலேயே சேர்ந்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் எழுதியது. 2001-இல் வந்த 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்', 1988-இல் வெளிவந்த ரோஜர் ராபிட் படத்தின் அனிமேஷனை இயக்கிய ரிச்சர்ட் வில்லியம்ஸுடையது.

அனிமேஷனின் 12 கொள்கைகள் என்று இன்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருவது முதல் புத்தகத்தில் இருந்து வந்தது. பாதி நிரம்பிய ஒரு மாவு மூட்டையை மட்டும் வைத்துச் சோகம், கர்வம், கோபம் எல்லாவற்றையும் காட்டும் படங்கள் அதில் உண்டு. முகமே இல்லாத ஒரு மூட்டை எப்படி நடிக்கிறது என்று புரிந்துவிட்டால் பாத்திரம் உருவாக்குவது பற்றிய பார்வையே மாறிவிடும். ஆனால் புத்தகத்தின் பெரும்பகுதி அந்த ஸ்டூடியோவின் கதை. நாளைக் காலை மேசையில் உட்கார்ந்து என்ன வரைவது என்று அது சொல்லாது.

வில்லியம்ஸ் சொல்வார். நடைக்கு மட்டும் ஒரு நீண்ட பகுதி ஒதுக்கியிருக்கிறார். கால் தரையைத் தொடும் நிலை, உடல் இறங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் மேலெழும் நிலை என்று பிரித்து, ஓர் அடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று எண்ணிக் காட்டுகிறார். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது அடிக்கு 12 என்றால் இயல்பான நடை, 8 என்றால் விரைவு, 16 என்றால் நிதானமாக உலாவுவது. இந்த எண்களை முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்களான பிளெண்டரிலோ மாயாவிலோ அப்படியே போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள். தாமஸ்-ஜான்ஸ்டனை நூலகத்தில் தேடிப் பிடியுங்கள்.

மென்பொருள் கற்றுத் தரும் தடித்த புத்தகங்களுக்குச் செலவு செய்யாதீர்கள். 2019-இல் பிளெண்டர் 2.8 வந்து முகப்பே மாறியபோது, பழைய பதிப்புக்கு எழுதிய புத்தகங்களில் காட்டியிருந்த பட்டன் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. பிளெண்டரின் அதிகாரபூர்வக் கையேடு இலவசம், புதிய பதிப்புக்கேற்பப் புதுப்பிக்கவும் செய்கிறார்கள். முப்பரிமாணத்தில் வேலை செய்யப் போகிறவர்கள் அதோடு அப்போது பிக்ஸாரில் இருந்த ஜான் லாசெட்டர் 1987-இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையைப் படியுங்கள். கையால் வரைந்த காலத்துக் கொள்கைகள் கணினிப் பாத்திரங்களுக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பத்துப் பக்க அளவிலேயே விளக்கிவிடுகிறார்.