கிரீன் சர்க்கிளில் தெரிந்த கியர் பாக்ஸ்

2014 மாடல், 2 லிட்டர் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். 2020-இல் வாங்கும்போது ஓடோமீட்டரில் 71,000 கிலோமீட்டர். இன்று காலை 1,83,400. எந்த நிறுவனத்தின் கார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுவதும் முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தைப் பற்றியே போய்விடும். புதிதாக வாங்கினால் நம் கைக்கு எட்டாது, ஆறு வருடம் கழித்துச் சின்னக் காரின் விலைக்கு இறங்கி வரும், அந்த வகைப் பெரிய செடான்.

தோல் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் விற்பது என் தொழில். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஒரு நாள் ஆம்பூர், மறுநாள் ராணிப்பேட்டை சிப்காட், மாதம் ஓரிரு முறை சென்னை. இத்தனை ஓட்டம் இருந்தும் முதலில் மனம் போனது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோலில்தான். ஏழு கியர், இரட்டை கிளட்ச். தரகர் அதைப் பெங்களூர் நெடுஞ்சாலையில் விட்டுக் காட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. முன்பணம் கொடுக்கக் கை பையைத் தேடிவிட்டது.

உடன் வந்த மெக்கானிக் பாய் பின் இருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "நெடுஞ்சாலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் சார். கிரீன் சர்க்கிள் பக்கம் திருப்புங்கள்" என்றார். வேலூரின் நெரிசலான சந்திப்பு அது. மாலை ஆறு மணி. முன்னால் அரசு பஸ், இரு பக்கமும் ஷேர் ஆட்டோக்கள், கார் முழம் முழமாக நகர்ந்தது. கால் மணி நேரத்தில், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் காருக்குக் குளிர் ஜுரம் வந்ததுபோல ஒரு நடுக்கம். ரிவர்ஸிலிருந்து 'டி'க்குத் தள்ளினால் அடியில் ஒரு 'டொக்'. பிறகு தேங்காய் நார் கருகும் வாசனை. "முன்னால் போகிற லாரி" என்று தரகர் கண்ணாடியை ஏற்றினார். முன்னால் லாரியே இல்லை.

பாய் அன்று சொல்லிக்கொடுத்தது இது. இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால்தான் அந்த வேகம். ஆனால் நெரிசலில் ஊர்ந்தால், புதிதாக ஓட்டக் கற்றவர் பாதிக் கிளட்ச்சில் காலை வைத்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பிளேட் வழுக்கி வழுக்கிச் சூடாகும். உலர் கிளட்ச் வகையில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் கிடையாது. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது என்ன பாடுபடும்! எண்ணெயில் மூழ்கிய ஈர கிளட்ச் வகை இதைத் தாங்கும். அதிக இழுவையுள்ள டீசல்களோடு பெரும்பாலும் அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் கடைசியில் வாங்கியதும் அதுவே.

அந்த எண்ணெயை ஏறக்குறைய 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விற்றவர் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்றார். "யாருடைய ஆயுளுக்கு?" என்று பாய் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வாங்கிய வாரமே மாற்றினோம், 1,31,000-இல் இன்னொரு முறை. முதல் முறை வடித்த எண்ணெய் டிகிரி காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை கியர் பாக்ஸ் ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் நால்வரோடு சிரமமில்லாமல் ஏறும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியபடி காரைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நிறுத்துகிறேன். இறங்கும்போது கையால் இரண்டாம் கியரில் போட்டுவிடுகிறேன். மைலேஜ் நெடுஞ்சாலையில் 16, 17. ஊருக்குள் 10, 11.

செலவு இல்லாமல் இல்லை. 2021 ஊரடங்கில் கார் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் மட்டுமே போய்வந்தது. எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். இரண்டே மாதத்தில், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவையே போய்விட்டது. கழற்றிச் சுத்தம் செய்ததோடு சரியானது. பிறகு 1,40,000-இல், எஞ்சினின் அதிர்வு கியர் பாக்ஸுக்குப் போகாமல் தாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் சத்தம் போடத் தொடங்கியது. எண்பதாயிரத்துக்கு மேல் கறந்துவிட்டது. இந்த வகை டீசல் வாங்குபவர்கள் அந்தப் பணத்தைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்கு நான் டீசலைச் சொல்லவே மாட்டேன். பழைய ஹோண்டா அக்கார்ட் 2.4, டொயோட்டா கேம்ரி 2.5 போன்ற பெட்ரோல் கார்களில் வருவது டார்க் கன்வர்ட்டர் வகை கியர் பாக்ஸ். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் வேலை செய்கிறது. நெரிசலில் ஊர்ந்தாலும் தேய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் மந்தம், பெட்ரோல் குடிக்கும், ஆனால் நிம்மதி.

டெல்லி வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்குத் தடை வந்த பிறகு, பல வண்டிகள் மலிவாக நம் பக்கம் வருகின்றன. விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் தடையில்லாச் சான்றையும், இங்கே மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய வரியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேலூர்ப் பதிவான டி.என். 23 வண்டியே போதும் என்று தோன்றியது; பழைய சர்வீஸ் ரசீதுகளைத் தேடி நானே நடந்து போய்க் கேட்க முடிந்தது.

காட்பாடியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். கல்லூரிப் பேராசிரியர், வீட்டிலிருந்து கல்லூரி ஆறு கிலோமீட்டர். பெட்ரோல் வாங்குங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மைலேஜ் கணக்குப் போட்டு டீசலே வாங்கினார். இப்போது கரி அடைக்காமல் இருக்க ஞாயிறுதோறும் பள்ளிகொண்டா வரை விரட்டிக்கொண்டு போகிறார். சுங்கக் கட்டணம் கொடுக்க மனம் வராமல், சாவடிக்குக் கொஞ்சம் முன்பே திரும்பிவிடுகிறார்.