கிழிந்த சைக்கிள் சீட்டுக்குப் புது உறை: புதுப்பேட்டைத் தையல் கடையின் வேலை

சென்னை புதுப்பேட்டையில் மோட்டார் சைக்கிள் சீட்டு தைக்கும் சிறு கடை ஒன்றில் என் சைக்கிளின் கிழிந்த சீட்டுக்கு உறை மாற்றிக்கொண்டேன். ஒரு மழைக்காலம் முழுவதும் அதில் ஓட்டிப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன். சைக்கிள் கடைகளில் கேட்டபோது, புதுச் சீட்டு வாங்குங்கள் என்றோ, நாடா வைத்த ஜெல் உறையை மேலே மாட்டிக்கொள்ளுங்கள் என்றோதான் சொன்னார்கள். ஆனால் கிழிசலின் மேல் மாட்டும் உறை, உள்ளே இறங்கிய நீரை வெளியே விடாமல் பஞ்சை மேலும் கெடுக்கும். ஓட்டும்போது பக்கவாட்டில் நழுவவும் செய்யும்.

கடைக்காரர் முதலில் சீட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இன்றைய சீட்டுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் ஓடு, அதன்மேல் ஃபோம், அதன்மேல் இழுத்து ஒட்டிய ரெக்சின் என்ற அமைப்பில்தான் வருகின்றன. ஓடு விரிசல் விட்டிருந்தாலோ, கம்பிகள் அமரும் குழிகள் தளர்ந்திருந்தாலோ உறைக்குச் செலவழிப்பது வீண் என்று அவர் முன்கூட்டியே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் சீட்டில் பின்பக்க மூலை மட்டுமே கிழிந்திருந்தது. சுவரில் சாய்த்து வைக்கும்போது உரசுவதும், பஞ்சர் பார்க்கச் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தும்போது சொரசொரப்பான தரையில் சீட்டு தேய்வதும் அந்த மூலையைத்தான் முதலில் தின்கின்றன. வெயிலில் இறுகிப்போன ரெக்சின் அங்கிருந்து எளிதில் பிளந்துவிடுகிறது.

உறையை ஓட்டோடு பிடித்திருந்த பழைய ஸ்டேப்ளர் பின்களை நெம்பி எடுத்து, உறையை உரித்து, நீர் கோத்திருந்த ஃபோமை நன்றாகக் காயவைத்தார். உதிர்ந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே அடர்த்தியுள்ள துண்டை வைத்து ஒட்டி, விளிம்பு தெரியாமல் தேய்த்துச் சமன்படுத்தினார். ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் தடவிச் சற்று உலரவிட்ட பிறகே அழுத்தியதால் பிடிப்பு உறுதியாக இருக்கிறது. உட்காரும் பகுதியில் பசை காய்ந்தால் கட்டியாக உறுத்தும் என்பதால், அங்கே பூசாமல் ஓரங்களில் மட்டும் பூசியது அனுபவசாலியின் வேலை.

இந்த வேலையின் தரத்தை நிர்ணயிப்பது ரெக்சின்தான். மோட்டார் சைக்கிள் சீட்டுக்குப் பயன்படும் கெட்டி ரெக்சினின் பின்புறம் நெய்த துணி இருப்பதால் அது அதிகம் இழுபடாது. சைக்கிள் சீட்டின் குறுகிய முன்முனையில் அதைச் சுற்றினால் மடிப்பு விழும், மடிப்பைத் தவிர்க்கத் தைத்தால் அந்தத் தையல் தொடையின் உட்பக்கத்தில் உரசும், ஊசித் துளைகளின் வழியே மழைநீரும் இறங்கும். ஆகவே பின்புறம் பனியன் துணிபோல் நீளும் ரகத்தைக் கேட்டு வாங்கி, தையலே இல்லாமல் ஒரே துண்டாகப் போடச் சொன்னேன். சூடான காற்றைக் காட்டி இளக்கி, முன்முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இழுத்து, அடியில் பின் அடித்தார். மேற்பரப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. அடைமழையில் நனைந்த பிறகும் சீட்டை அழுத்தினால் நீர் கசியவில்லை.

குறை ஒன்று உண்டு. உட்காரும்போது அழுத்தம் குறைய சீட்டின் நடுவில் இருந்த பள்ளம் இப்போது பாதி மறைந்துவிட்டது. உறையைப் பள்ளத்தோடு சேர்த்து ஒட்டாமல் மேலே இழுத்துவிட்டதே காரணம். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தோல் சீட்டு வைத்திருப்பவர்கள் இந்த வகைக் கடைக்குப் போக வேண்டாம். 1866இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனம் செய்வது போன்ற சீட்டுகளில் உள்ளே ஓடும் இல்லை, பஞ்சும் இல்லை. முன்னும் பின்னும் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டிய தோலே முழு எடையையும் தாங்குகிறது. ரிவெட் அருகே கிழிந்துவிட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, தோலையே மாற்ற வேண்டும்.

பொருளுக்கும் கூலிக்குமாக 350 ரூபாய் ஆனது. சைக்கிளை விட்டுவிட்டு சீட்டை மட்டும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். கழற்றும் முன் சீட்டுக் குழாயில் உயரத்தையும், கம்பியில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது பழைய நிலை தப்பாது.