லிங்க் விட்டு விட்டு வருகிறதா? கேபிளா, 100 மெகாபிட்டா, யுஎஸ்பி அடாப்டரா, சுவிட்சா

ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை மாதிரி குட்டி கம்ப்யூட்டர் போர்டுகளில் லேன் லிங்க் (வயர் வழி நெட்வொர்க் இணைப்பு) அறுந்து அறுந்து வந்தால் நம்மூரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேபிள்காரர் வயரை மாற்றச் சொல்வார். கம்ப்யூட்டர் கடைக்காரர் யுஎஸ்பி துளையில் மாட்டும் லேன் அடாப்டரை எடுத்து நீட்டுவார். இணையத்தில் தேடினால் வேகத்தை 100 மெகாபிட்டுக்கு இறக்கு என்று வரும். நடுவில் ஒரு சுவிட்ச் (லேன் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) போட்டால் போதும் என்பவர்களும் உண்டு. நாலுமே பலிக்கும், ஆனால் நாலும் வேறு வேறு நோய்க்கு. குளச்சல் கடற்கரை வீட்டில் ஓடும் போர்டுக்கும் குலசேகரம் ரப்பர் தோட்டத்து ஷெட்டில் ஓடும் போர்டுக்கும் ஒரே வரிசையில் வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி.

எதற்கும் முன்னால் கரண்டைப் பார்த்துவிடுங்கள். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே போனால் ராஸ்பெரி பை தன் லாகில் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில்) எச்சரிக்கை எழுதிவைக்கும். பழைய 3பி மாடலில் யுஎஸ்பி ஹப்பும் லேனும் ஒரே சிப்புக்குள் இருப்பவை. தள்ளாடினால் இரண்டும் சேர்ந்தே தள்ளாடும். மொபைல் சார்ஜரையும் மெலிந்த நீள வயரையும் வைத்து ஓட்டுகிறவர்கள், ‘லிங்க் டவுன்’ வரிக்குப் பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். பை 5-க்கு 5 ஆம்பியர். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு உண்மையான போட்டி கேபிளை மாற்றுவதற்கும் வேகத்தை 100-க்கு இறக்குவதற்கும் இடையில்தான். 100 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடி வயரில் இரண்டே போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்கள். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, எட்டு பின்னும் வேண்டும். அதனால் 100-க்கு இறக்குவது வைத்தியம் மட்டுமல்ல, பைசா செலவில்லாத பரிசோதனையும்கூட. இறக்கியதும் லிங்க் நிலைத்து நின்றால் 4, 5, 7, 8 பின்களில் கோளாறு, இல்லையென்றால் போர்டின் கிகாபிட் பகுதியிலேயே கோளாறு. இறக்கிய பிறகும் விழுந்தால் மற்ற இரண்டு ஜோடியையும் சாக்கெட்டையும் எதிர்முனைப் பெட்டியையும் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

இறக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஈத்டூலில் (லேன் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் லினக்ஸ் கட்டளை) ஆட்டோ நெகோஷியேஷனை, அதாவது இரண்டு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வதை, அணைத்துவிட்டு ‘100, ஃபுல் டூப்ளெக்ஸ்’ (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) என்று கட்டாயப்படுத்தச் சொல்லும் குறிப்புகள்தான் அதிகம் கண்ணில் படும். அதைச் செய்யாதீர்கள். எதிர்முனை ஆட்டோவில் இருந்தால் அது வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், டூப்ளெக்ஸை அதனால் கண்டுபிடிக்க முடியாது. விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்புவது) போய் உட்காரும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னத் தகவல்) அடித்தால் ஒழுங்காகப் போகும், ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் மாட்டுவண்டி வேகத்தில் நகரும். ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு, 100 ஃபுல் ஒன்றை மட்டும் அறிவிக்கும்படி வைப்பதுதான் சரி. ஈத்டூலில் அதற்கான அட்வர்டைஸ் மதிப்பு 8. போர்டு ரீபூட் ஆனால் இது மறந்துபோகும் என்பதால் துவக்கத்திலேயே ஓடும்படி சேர்த்துவிடுங்கள்.

‘கிகாபிட் போர்டை 100-ல் ஓட்டுவதா’ என்று மனசு கேட்காதவர்கள் வேலையின் அளவைப் பார்க்கட்டும். விளம்பரம் தடுக்கும் பெட்டிக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்து வெப்பநிலை பார்க்கும் சென்சாருக்கும், இரண்டு மூன்று கேமராவுக்கும் 100 மெகாபிட் தாராளம். கோயில் திருவிழாவோ ஞாயிறு பூசையோ யூடியூபில் நேரலையாகப் போவதற்கும் அதே கதைதான். ஹார்டு டிஸ்க் மாட்டி வீட்டு ஃபைல் சர்வராக வைத்திருப்பவருக்கு மட்டும்தான் வலிக்கும். நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் வந்துகொண்டிருந்தது பதினொன்று, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். அவர் கேபிள் பக்கம்தான் போயாக வேண்டும்.

கடலோரத்தில் எல்லாருமே கேபிள் பக்கம் போக வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். முட்டம், கடியபட்டினம், குளச்சல் பக்கம் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் கடல் காற்று) வீசுகிற மாதங்களில் உப்பு ஈரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். லேன் வயர் முனையில் இருக்கும் ஆர்ஜே45 கனெக்டரைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்து அந்த எட்டுத் தகடுகளையும் பாருங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். கழற்றி மாட்டினால் உரசலில் களிம்பு கொஞ்சம் நீங்கி லிங்க் வந்துவிடும், பிறகு மறுபடி போகும். ‘கழற்றி மாட்டினா சரியாயிருது’ என்று யார் சொன்னாலும் நான் சாஃப்ட்வேர் பக்கமே போகமாட்டேன். கனெக்டரை வெட்டிப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்வதோடு (டூலால் அழுத்திப் பொருத்துவதோடு) நிறுத்தவும் கூடாது. சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கம்பிகளிலும் அதே களிம்பு இருக்கும். போர்டை அணைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

கேபிளை மாற்றுவது என்று முடிவெடுத்தால் எந்தக் கேபிள் என்பதைக் கவனியுங்கள். வயரை பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், நாலு தடவை மடக்கினால் ஒடியும், உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்தும் போகும். விலை குறைவு என்பதைத் தவிர வேறு பெருமை அதற்கில்லை. எட்டு விளக்கு எரியும் சின்ன டெஸ்டரை வைத்து நல்ல கேபிள் என்று சான்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். “அண்ணே, எட்டு லைட்டும் எரியுதுல்லா, பொறவு என்ன?” என்று ஒரு கேபிள் தம்பி என்னிடமே கேட்டிருக்கிறார். வயர் அறுபடவில்லை, வரிசை மாறவில்லை என்பதை மட்டும்தான் அந்த டெஸ்டர் சொல்லும். கிகாபிட் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. ஈத்டூலில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள், அது சொல்லும்.

கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் தீராத ஒரு வகை உண்டு. லிங்க் 1000 என்று காட்டும், பாக்கெட்டுகள் மட்டும் தொலையும். 100-க்கு இறக்கினால் பொன்னாக ஓடும். போர்டுக்குள் பிராசஸரையும் லேன் சிப்பையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பில் வருகிற நேரக்கணக்குக் கோளாறு இது. கிகாபிட்டில் அந்தக் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ், கடிகாரத்துக்கும் டேட்டாவுக்கும் இடையே சுமார் 2 நானோசெகண்ட் தாமதம் சரியாக அமைய வேண்டும். 100-ல் கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ்தான், முன்னேபின்னே இருந்தாலும் தாங்கும். லினக்ஸ் 5.10 காலத்தில் ரியல்டெக் 8211இ லேன் சிப்பின் தாமத அமைப்பைத் திருத்தியபோது, டிவைஸ் ட்ரீயில் (போர்டின் பாகங்களை லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல்) பழைய குறிப்போடு இருந்த, ஆல்வின்னர் பிராசஸர் உள்ள போர்டுகள் பலவற்றில் நெட் படுத்துவிட்டது. அதனால் அப்டேட் போட்ட மறுநாள் தொடங்கிய கோளாறென்றால் கிரிம்பிங் டூலைத் தொடாதீர்கள். பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புக்கு) திரும்புங்கள்.

யுஎஸ்பி அடாப்டர் எதிர் சுவிட்ச் என்று வந்தால் என் ஓட்டு சுவிட்சுக்கு. அடாப்டருக்கான கரண்டும் போர்டிலிருந்துதான் போக வேண்டும், ஏற்கெனவே வோல்டேஜ் பற்றாத போர்டில் அது இன்னொரு வாய். பை 3-ல் யுஎஸ்பி 2.0-க்கு மேல் வழியே இல்லை. மேக் அட்ரஸ் (ஒவ்வொரு லேன் சிப்புக்கும் உள்ள தனி அடையாள எண்) மாறுவதால் ரவுட்டரில் ஒதுக்கி வைத்திருந்த ஐபியும் போய்விடும், ‘போர்டையே காணோம்’ என்று தேட வேண்டிவரும். போர்டின் சாக்கெட் இடியில் செத்துப்போனால் மட்டும் அடாப்டருக்கு மாற்று கிடையாது. பை 4-ன் நீல யுஎஸ்பி 3 துளையில் மாட்டினால் கிகாபிட்டும் கிடைக்கும்.

சுவிட்சை ஏனோ நம்மாட்கள் மதிப்பதில்லை. சில போர்டுக்கும் சில ஃபைபர் மோடத்துக்கும் ஜாதகம் பொருந்தாது, பல நேரம் மின்சிக்கனத்துக்கான 802.3ஏஇசட் அமைப்பால். அதை ஈத்டூலிலேயே அணைத்துப் பார்க்கலாம். அணைத்தும் தீராவிட்டால் நடுவில் ஒரு சுவிட்ச் நின்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பேசி முடித்துக்கொள்ளும். கரண்ட் போய் வரும்போது மோடம் ரீபூட் ஆனாலும் போர்டின் லிங்க் விழாது. ஐந்து சாக்கெட் உள்ள 100 மெகாபிட் சுவிட்ச் ஆயிரத்துக்குள் கிடைக்கும். வேகத்தை இறக்கும் வேலையையும் அதுவே பார்த்துவிடும், போர்டில் ஒரு வரி எழுத வேண்டாம். சுவிட்சின் அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனில் சொருகினால்தான் இந்தச் சுகமெல்லாம்.

வீட்டிலிருந்து தனியாக நிற்கும் ஷெட்டுக்குத் தோட்டத்தின் குறுக்கே லேன் கேபிள் இழுத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் நிரந்தரமில்லை. 100 மீட்டருக்குள்தானே என்று தைரியமாக இருப்பார்கள், ஐப்பசி சாயங்காலத்து இடி மீட்டர் பார்ப்பதில்லை. லேன் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டது, பக்கத்துத் தென்னையில் விழுந்த இடி செம்புக் கம்பியில் தூண்டுவது அதைவிட அதிகமாக இருக்கலாம். ஒரு ஜோடி மட்டும் செத்து, கிகாபிட் போய் 100-ல் நொண்டிக்கொண்டிருக்கும் போர்டுகள் மலையடிவாரத்தில் உண்டு. சர்ஜ் புரொடெக்டர் போடலாம், ஆனால் இரண்டு முனையிலும் நல்ல எர்த் இல்லையென்றால் அது வெறும் டப்பா. அங்கே ஃபைபரும், லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும்தான். ஒற்றை இழை வகை வாங்கும்போது ஏ ஒன்றும் பி ஒன்றுமாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும், மறுமுனை நேர்மாறு. இரண்டும் ஏ-வாக வந்தால் லிங்க் வராது. முனையைப் பற்றவைக்க ஊர்க் கேபிள்காரரைக் கூப்பிட்டால் போதும். ஃபைபரோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியை மட்டும் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். அதை உள்ளே விட்டால் இடிக்கு மறுபடியும் ஒரு வழி திறந்துவிட்டதாகிவிடும்.