மெயின்பிரேமுக்காக வீட்டு லேப்டாப்பில் பொதி கட்டிய மூன்று ஆண்டுகள்

ஐபிஎம்மின் மெயின்பிரேம் பெருங்கணினிகளின் கட்டமைப்பான எஸ்390எக்ஸுக்கு, டெபியன் லினக்ஸின் பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளை) மூல நிரலிலிருந்து வீட்டு லேப்டாப்பிலேயே, வேறு இயந்திரத்தைப் போல நடிக்கும் (எமுலேஷன்) கியூஈமூ மென்பொருள் கொண்டு கட்டலாமா என்று சோழிங்கநல்லூரில் பணியாற்றும் நண்பர் கேட்டார். வேளச்சேரி வீட்டில் மூன்று ஆண்டுகளாக அதையே செய்துவரும் எனக்கு, ஒரே சொல்லில் விடையளிக்க இயலவில்லை.

மூலத்தைப் பெறுவதில் குறையே இல்லை. ‘ஆப்ட் சோர்ஸ்’ என்று கட்டளையிட்டால், மூல நிரலின் டார் கோப்பும், டெபியன் சேர்த்த பேட்ச் எனும் திருத்தங்களும், அவற்றைச் சரிபார்க்க உதவும் டிஎஸ்சி கோப்பும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. 1999 டிசம்பரில் ஐபிஎம் தனி பேட்ச்களாக வெளியிட்ட மெயின்பிரேம் ஆதரவு இன்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், மெயின்பிரேமுக்கென்று வேறு மூலம் தேட வேண்டியதில்லை.

கட்டத் தொடங்கியதும்தான் பொறுமை கரைகிறது. இன்டெல் செயலிக்கு மெயின்பிரேமின் ஆணைகள் தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் மென்பொருளே மொழிமாற்றித் தர வேண்டியிருக்கிறது. பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரத்தை விழுங்குகிறது. இந்த மந்தம் பழகியதே எனக்கு வினையானது. சென்ற அக்னி நட்சத்திரத்தில், அறிக்கை அச்சிடும் ஒரு பழைய நிரலின் சோதனை இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் மின்சாரம் போய் யூபிஎஸ் அலறியபோதும், எமுலேஷன் என்றால் இப்படித்தான் என்று எண்ணி நிறுத்தாமல் விட்டேன். காலையில் பார்த்தால் அது முடிவற்ற சுழல். சி மொழியின் ‘சார்’ வகை இன்டெல்லில் எதிர்ம எண்களையும் ஏற்கும். எஸ்390எக்ஸிலோ 0 முதல் 255 வரை மட்டுமே. கோப்பின் முடிவைக் குறிக்கும் -1 அதில் 255 ஆகிவிட, நிரல் முடிவைக் காணவே இல்லை. ‘சார்’ என்பதை ‘இன்ட்’ என்று மாற்றியதும் சோதனை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

பிழை நிரலை எழுதியவருடையது. இயந்திரத்தைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆயினும் இத்தகைய பிழைகள் என் தலையில் வந்து விழுவதற்குக் காரணம் உண்டு. 2021இல் வந்த டெபியன் 11இல் மிப்ஸ் என்ற கட்டமைப்பின் அவ்வகை நீக்கப்பட்ட பின், ஓர் எண்ணின் உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைக்கும் கட்டமைப்புகளில் அதிகாரபூர்வப் பட்டியலில் எஞ்சியது எஸ்390எக்ஸ் மட்டுமே. ஆகவே 32 பிட்டில் எழுதிய 1 என்ற எண்ணைப் பைட்டுகளைத் திருப்பிப் படித்து 16777216 என்று காட்டும் நிரல்கள், எவர் கண்ணிலும் படாமல் என்னிடம் வந்து சேர்கின்றன. சோதனைகளைத் தாண்டிச் செல்ல ‘நோசெக்’ உண்டுதான். அதைப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சுழல் நேராக வாடிக்கையாளரின் மெயின்பிரேமில் சுற்றியிருக்கும்.

இத்தனை பிழைகளைப் பிடித்துக்கொடுத்த ஏற்பாட்டை நண்பருக்குப் பரிந்துரைப்பதே முறை. ஆனால் யூபிஎஸ் பேட்டரியை மாற்றிய இந்த வாரத்தில் எனக்கு அந்த மனம் இல்லை. லேப்டாப் வேண்டாம், ஐபிஎம்மின் லினக்ஸ்ஒன் சமூக மேகத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்390எக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 120 நாள் கெடு முடிவதற்குள் கட்டிய பொதிகளை மட்டும் மறவாமல் இறக்கிவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.